ஜரிகை பீப் அடித்த கதை

அம்மாவின் கல்யாணப் புடவைக்கு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த மகன் சிங்கப்பூரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். போன வருஷம் தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது, ஈசூன் வீட்டு ஹாலில் தரையில் பெட்ஷீட்டை விரித்து, அதன்மேல் அந்த மாம்பழக் கலர் காஞ்சிபுரத்தைப் பரப்பி, முந்தானையில் ஓரிடத்தில் சிவப்பு முனையையும் ஒரு சாண் தள்ளிக் கறுப்பு முனையையும் வைத்தேன். பீப். இன்னும் ஒரு சாண் தள்ளி வைத்தேன். மறுபடி பீப். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "என்னடா, புடவைக்கு பிரஷர் பாக்குறியா?" என்று கேட்டார்.

அந்தப் புடவைக்கு 41 வயசு. எனக்கும் அதற்கும் ஒரு வயசுதான் வித்தியாசம், ஆனால் அது என்னைவிட நன்றாக இருக்கிறது. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குமேல் தங்கமுலாம் பூசியது. ஓரத்தில் ஒரு இழை பிரிந்து வந்திருந்தது, நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தது. வெள்ளி என்றால் மின்சாரம் போகத்தானே செய்யும், அதனால்தான் பீப். பழைய பட்டுப்புடவையை எடை போட்டு வாங்கிக்கொண்டு போய் எரித்து வெள்ளியைப் பிரித்தெடுக்கிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். சர்க்யூட் போர்டுகளோடு 15 வருஷமாகப் பிழைப்பு நடத்தும் எனக்குத்தான் அன்றைக்குப் புதுசாகத் தெரிந்தது.

எதற்கு இந்த வேலை என்றால், தங்கச்சி மகளுக்காக. ஏழு வயசு. சமூக மன்றத்துத் தீபாவளி நிகழ்ச்சியில் நாலு நிமிஷ நடனம். "மாமா, நான் சுத்தும்போது என் பாவாடையில லைட் எரியணும்" என்று ஒரே பிடிவாதம். சரி, பாவாடையின் ஜரிகைக் கரையையே ஒயராகப் பயன்படுத்திவிட்டால் எவ்வளவு அழகாக இருக்கும் என்று ஒரு யோசனை, அதனால்தான் அம்மா புடவையில் ஒத்திகை. அப்புறம் சிராங்கூன் சாலையில் தங்கச்சி வாங்கி வைத்திருந்த பாவாடைத் துணியை எடுத்து அதே மாதிரி முனைகளை வைத்தேன். சத்தமே இல்லை. எங்கே வைத்தாலும் இல்லை. கண்ணுக்கு அம்மா புடவையைவிட அதிகமாக மின்னிய அந்த ஜரிகை, உலோகப் பூச்சு போட்ட பிளாஸ்டிக் படலத்தை நறுக்கிச் செய்தது.

"அப்ப உங்க புடவையிலேருந்து ஒரு முழம்..." என்று ஆரம்பித்தேன்.

"கை இருக்காது" என்றார் அம்மா.

அன்றைக்கு ராத்திரி இதைப் பற்றித் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான், எனக்கு முன்னாலேயே இந்த யோசனை வேறு சிலருக்கு வந்திருப்பது தெரிந்தது. 1990களின் கடைசியில் அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபில் ரெமி போஸ்ட், மேகி ஆர்த் இருவரும் துணியிலேயே சர்க்யூட் செய்யலாமா என்று பார்த்தார்கள். அவர்கள் கையில் எடுத்தது ஏதோ விண்வெளிப் பொருள் இல்லை, பட்டு ஆர்கன்ஸா. நீளவாக்கில் ஓடும் பாவில் வெறும் பட்டு, குறுக்கே ஓடும் ஊடையில் மெல்லிய செப்புத் தகடு சுற்றிய பட்டு. இந்தியாவில் குறைந்தது 100 வருஷமாக நெய்துவரும் துணி என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஊடையில் மட்டும் உலோகம் இருப்பதால் மின்சாரம் ஒரு திசையில்தான் ஓடும், பக்கத்து இழைக்குத் தாவாது, ஆக அது நெய்யும்போதே பல கம்பிகள் வரிசையாக ஓடும் ரிப்பன் கேபிளாகிவிடுகிறது. இன்றைக்கு 'இ-டெக்ஸ்டைல்' என்று மாநாட்டு மேடைகளில் பேசுகிறார்களே, அதன் ஆரம்பப் பாடங்களில் ஒன்று நம் ஊர் ஜரிகைத் துணியில் படித்தது. இதைப் படித்துவிட்டு அம்மாவை எழுப்பிச் சொல்லலாமா என்று நினைத்தேன். மணி ஒன்றரை. விட்டுவிட்டேன்.

கணினியே தறியிலிருந்துதான் வந்தது என்பதும் பலருக்குத் தெரிந்திருக்கும். 1804இல் பிரான்ஸின் லியோன் நகரத்தில் ஜோசப் மரி ஜக்கார்டு செய்த தறியில் ஓட்டை போட்ட அட்டைகள்தான் எந்த இழை மேலே வர வேண்டும் என்று சொல்லும், அந்த அட்டையைப் பார்த்துத்தான் சார்ல்ஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கும் அட்டை வைக்கலாம் என்று போனார். காஞ்சிபுரத்தில் தறிக்கு மேலே இன்றும் அந்த ஜக்கார்டு பெட்டி தொங்குகிறது. ஆகவே கணினி துணிக்குள் வருவது பிறந்த வீட்டுக்கு வருவது மாதிரி என்று அழகாகச் சொல்லிவிடலாம். மேடைக்கு நல்ல வரிதான். ஆனால் பாவாடையைத் துவைக்கும்போது அது உதவாது.

பாவாடைக்கு வருகிறேன். வெள்ளி முலாம் பூசிய நைலான் நூலை இணையத்தில் வரவழைத்தேன். எல்இடியும் பொத்தான் பேட்டரியும் சிம் லிம் டவரில். அங்கிருந்து வெயிலில் பத்து நிமிஷம் நடந்தால் தேக்கா. கீழே மீனும் கீரையும் பிரியாணியும், இரண்டாம் மாடி ஏறினால் சுடிதார்களும் தையல் கடைகளும். நாங்கள் வழக்கமாகக் கொடுக்கும் அக்காவின் கடையில் கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரிலும் இடிக்கும். மெஷின், அதற்குப் பின்னால் ஒரு முக்காலி, தலைக்கு மேல் கொடியில் முடித்த பிளவுஸ்கள், ஓரத்தில் ஒலி 96.8 வானொலி ஓடிக்கொண்டிருக்கும். நான் நூலை நீட்டினேன். அவர் இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பார்த்தார், பல்லில் கடித்து இழுத்தார், பிசிறு விடுவதைப் பார்த்தார்.

"தம்பி, இது மேல் நூலாப் போட்டா ஊசிக்கண்ணுல தேஞ்சு தேஞ்சு அறுந்துடும். பாபின்ல சுத்திக் கீழ போடுவோம். மேல சாதா நூல்."

இந்த நூலைத் தைக்கிறவர்கள் உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள் என்று அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். அக்கா அதைக் கண்டுபிடிக்க எடுத்துக்கொண்டது அரை நிமிஷம்.

நான் வரைந்து கொடுத்த படத்தில் பிளஸ் ஒரு வரிசை, மைனஸ் ஒரு வரிசை, நடுவே அரை அங்குலம் இடைவெளி, இரண்டுக்கும் இடையில் 12 மஞ்சள் எல்இடிகள். மேசைமேல் எல்லாம் எரிந்தது. பேட்டரியிலிருந்து தள்ளிப்போகப் போக வெளிச்சம் கொஞ்சம் மங்கியது, ஏனென்றால் இந்த நூல் செம்புக் கம்பி மாதிரி இல்லை, நீளம் கூடக் கூட மின்சாரத்துக்கு மூச்சு வாங்கும். பரவாயில்லை என்று விட்டோம். ஒத்திகையில் பிள்ளை அரைமண்டியில் உட்கார்ந்ததும் மொத்தமும் அணைந்தது. எழுந்தால் எரியும், உட்கார்ந்தால் அணையும். கொசுவம் மடிந்து பிளஸும் மைனஸும் ஒன்றையொன்று தொடுகின்றன, அதுவும் வியர்வையில் நனைந்து. போர்டில் இந்த மாதிரி வராது, ஏனென்றால் போர்டு உட்காராது.

என் மூளையில் உடனே தோன்றியது: ரப்பர் பூசலாம், டேப் ஒட்டலாம், சிலிக்கான் தடவலாம். அக்கா பாவாடையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொடக் கூடாது, அவ்வளவுதானே? ஒண்ணை மேல்துணியில தைக்கிறேன், ஒண்ணை லைனிங்ல தைக்கிறேன். நடுவுல துணி இருக்கே" என்றார். நடுவுல துணி இருக்கே! பருத்தி ஒரு நல்ல இன்சுலேட்டர் என்று பாலிடெக்னிக்கில் பரீட்சை எழுதிப் பாஸானவன் நான். துவைக்கும்போது பேட்டரியைக் கழற்ற வேண்டும் என்றதற்கு இடுப்புப் பட்டியின் உட்புறம் இரண்டு பிரஸ் பட்டன். உலோகம், மின்சாரம் போகும், ஒரே அழுத்தில் கழலும். மார்பில் ஒட்டி ஈசிஜி எடுக்கிற பட்டைகளிலும் இருப்பது அதே பட்டன்தான்.

நாலு நிமிஷ நடனம் அருமையாக நடந்தது. 12 விளக்கும் எரிந்தன. நான் அழவில்லை, ஏசி அதிகம்.

அடுத்த வாரம் தங்கச்சி பக்கெட்டில் சோப்புத் தண்ணீரில் முக்கி, கையால் அலசி, வெளியே கழியில் காயப்போட்டாள். மாட்டிப் பார்த்தால் ஒன்பது எரிந்தன. இரண்டாவது அலசலுக்குப் பிறகு ஏழு. முடிச்சுகள் தளர்கின்றன, நூல் வளைந்து வளைந்து வெள்ளிப் பூச்சில் விரிசல் விடுகிறது. துணி சும்மா இருக்காது, அதுதான் விஷயம். கசங்கும், சுருங்கும், நனையும், உப்பு ஏறும், அதுவும் வருஷம் முழுக்கப் புழுங்கும் இந்த ஊரில். சர்க்யூட் என்கிற ஜாதியே அசையாமல், காய்ந்து, ஒரு டப்பாவுக்குள் உட்கார்ந்து பழகியது. இரண்டுக்கும் கல்யாணம் செய்துவைக்க 25 வருஷத்துக்கு மேலாக எல்லாரும் பாடுபடுகிறார்கள், ஆனால் பந்தியோடு சரி, குடித்தனம் நடக்க மாட்டேன் என்கிறது.

கூகுளும் லீவைஸும் சேர்ந்து செய்த ஜாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் திட்டத்துக்கே ஜக்கார்டு என்றுதான் பெயர். 2015இல் அறிவித்து 2017இல் 350 அமெரிக்க டாலருக்குக் கடைக்கு வந்தது. இடது மணிக்கட்டுப் பட்டியில் மின்சாரம் கடத்தும் நூலை நெய்திருப்பார்கள், அதைத் தடவினால் போனில் பாட்டு மாறும். வேலைப்பாடு என்று பார்த்தால் உண்மையிலேயே கெட்டிக்காரத்தனம், வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. சுமார் 10 முறை துவைக்கலாம் என்று அப்போது சொன்னார்கள். 10 முறை! ஈசூனில் அதைப் போட்டுக்கொண்டு சைக்கிள் ஓட்டினால் இரண்டு வாரம். 2023இல் அதற்கான செயலியையே நிறுத்திவிட்டார்கள். ஜாக்கெட்டில் ஓட்டை இல்லை, தையல் விடவில்லை, பட்டன் போகவில்லை, அந்த நூலில் மின்சாரம்கூடப் போகும். ஆனால் தடவினால் ஒன்றும் ஆகாது. துணிக்கு ஒன்றும் ஆகாமலே உடுப்பு செத்துப்போவது நான் அறிந்தவரை நம் தலைமுறையில்தான் நடக்கிறது.

நானும் ஒரு சூடு பட்டிருக்கிறேன். ஓடும்போது இதயத் துடிப்பைக் கணக்கெடுக்கும் பனியன் ஒன்று, பெயர் வேண்டாம், நல்ல விலை. மூணு மாசத்தில் நெஞ்சுப் பட்டை உரிய ஆரம்பித்தது. பழுது பார்த்துத் தருவீர்களா என்று எழுதிக் கேட்டேன், அடுத்த மாடலுக்குத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பினார்கள். இப்போது அது வீட்டில் மேசை துடைக்கிறது. நன்றாகவே துடைக்கிறது.

உள்ளூரில் ஆராய்ச்சி இல்லாமல் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். 2019இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹோவின் குழு, கடத்தும் துணியைச் சீப்பு மாதிரி வடிவத்தில் வெட்டிச் சட்டையில் வைத்துக் காட்டியது. போன், கைக்கடிகாரம் மாதிரி கருவிகள் அனுப்பும் அலைகள் நாலாபக்கமும் சிதறாமல் உடம்பை ஒட்டி அந்தத் துணியின் வழியே ஓடும், சிக்னல் 1000 மடங்கு வலுவாக இருக்கும். இதில் எனக்குப் பிடித்தது, சட்டையில் பேட்டரியும் இல்லை, சிப்பும் இல்லை. வெறும் துணி, சரியான வடிவத்தில் வெட்டிய துணி, அவ்வளவுதான். அது ஒரு தையல்காரரின் விடை என்று நினைக்கிறேன். 2022இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் லீ பூய் சீயின் குழு, தட்டினாலோ இழுத்தாலோ மின்சாரம் தரும் துணியைச் செய்தது. 3 சென்டிமீட்டருக்கு 4 சென்டிமீட்டர் துண்டைத் தட்டினால் 100 எல்இடி எரிகிறது. துவைத்தாலும் மடித்தாலும் கசக்கினாலும் குறையவில்லை என்றும், ஐந்து மாசம் வரை ஒரே சீராக வேலை செய்தது என்றும் சொன்னார்கள். ஆராய்ச்சிக்கூடத்தில் ஐந்து மாசம் பெரிய விஷயம், மனசாரப் பாராட்டுகிறேன். பீரோவில் ஐந்து மாசம் என்பது ஒரு தீபாவளிக்கும் ஒரு பங்குனி உத்திரத்துக்கும் நடுவில் இருக்கிற தூரம்.

அணியும் தொழில்நுட்பம் என்றால் அம்மாவுக்கு முதலில் ஞாபகம் வருவது, சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015இல் ஆரம்பித்த தேசிய அளவிலான நடைச் சவாலுக்கு இலவசமாகக் கொடுத்த கைப்பட்டை. வளையலுக்குப் பக்கத்தில் அதையும் போட்டுக்கொண்டு, உட்கார்ந்தபடியே கையை ஆட்டினால் கணக்கு ஏறுகிறது என்பதைக் கண்டுபிடித்து பக்கத்து வீட்டு மலாய் ஆன்ட்டிக்கும் சொல்லிக்கொடுத்தார். அடுத்து, யார் யார் பக்கத்தில் இருந்தோம் என்று பதிவு செய்த கொவிட் காலத்து டிரேஸ்டுகெதர் டோக்கன். தாலிக்கொடியோடு சேர்ந்து அதுவும் கொஞ்ச காலம் கழுத்தில் தொங்கியது. பேஷன் வாரங்களில் விளக்கு எரியும் கவுன்களைப் பற்றி எவ்வளவோ எழுதுகிறார்கள், தீவு முழுக்க மாட்டிக்கொண்டு நடந்தது இந்த இரண்டும்தான்.

நிஜமாகவே யாருக்குத் தேவை என்று யோசித்தால் எனக்குத் தெரிவது எங்கள் புளோக்குக்கு எதிரே கட்டடம் கட்டுகிற தம்பிகள். முழுக்கைச் சட்டை, மேலே பளிச்சென்ற பாதுகாப்பு மேலங்கி, அதற்கும் மேல் வார்ப்பட்டை, தலைக்கவசத்துக்குக் கீழே நனைத்த துண்டு. 2023 அக்டோபரிலிருந்து மனிதவள அமைச்சின் விதி ஒன்று இருக்கிறது: வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, வெயில் எல்லாம் சேர்த்து அளக்கும் டபிள்யூபிஜிடி 32 டிகிரியைத் தொட்டால், கடுமையான உடலுழைப்பு செய்கிறவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிஷம் ஓய்வு, 33ஐத் தொட்டால் 15 நிமிஷம். ஜப்பானில் இடுப்புப் பக்கம் இரண்டு சின்ன விசிறி வைத்த வேலைச் சட்டை பல வருஷமாகப் புழக்கத்தில் இருக்கிறது. இங்கேயும் கொடுத்தால் என்ன என்று, கீழே காப்பிக்கடையில் பழக்கமான புதுக்கோட்டைத் தம்பியிடம் கேட்டேன். "அண்ணே, அது காத்தைத்தான் ஊதும். இங்க காத்தே வெந்நி மாதிரில்ல இருக்கு. வேர்வை காஞ்சாத்தானே குளிரும்" என்றார். இயற்பியல் சரிதான், ஈரக் காற்றில் வியர்வை ஆவியாவது மெதுவாகத்தான் நடக்கும். அப்புறம் அவரே, "துவைச்சா ரூம்ல காயணும்ணே. ராத்திரி பத்துக்குத் துவைச்சா காலையில அஞ்சுக்குள்ள. அப்படி ஒரு சட்டை இருந்தா சொல்லுங்க" என்றார். இந்த ஒரு வரியை எந்த வடிவமைப்புப் போட்டியும் கேள்வியாக வைத்து நான் பார்த்ததில்லை.

எரியாத பாவாடையை எங்கே போடுவது என்பது இன்னொரு தலைவலி. 2021 கணக்குப்படி சிங்கப்பூரில் 189,000 டன் துணி, தோல் கழிவு, அதில் மறுசுழற்சிக்குப் போனது 4 சதவீதம். மீதி எரிப்பு ஆலைக்கு, சாம்பல் குப்பை கொட்டும் செமக்காவ் தீவுக்கு. மின்கழிவுக்கு 2021 ஜூலையிலிருந்து தனித் திட்டம் இருக்கிறது, தனித் தொட்டி இருக்கிறது. எல்இடி தைத்த பாவாடை துணியா மின்கழிவா? துணித் தொட்டியில் பேட்டரி கூடாது, மின்கழிவுத் தொட்டியில் பாவாடையை யார் எடுத்துக்கொள்வார்கள்? பேட்டரியைக் கழற்றலாம், நூலுக்குள் ஓடும் வெள்ளியை யார் உட்கார்ந்து பிரிப்பது? சாதாரணப் பருத்தி-பாலியஸ்டர் கலப்பையே பிரிக்கத் திணறுகிறார்கள். சென்னையில் புடவையை எரித்து வெள்ளி எடுக்கிறவருக்கு என் 12 எல்இடிக்கு ஆறு காசு தேறாது.

இந்த வருஷம் தீபாவளிக்கு அதே பாவாடைதான் வேண்டும் என்றாள் மருமகள். ஒரு வருஷத்தில் நன்றாக வளர்ந்துவிட்டாள், பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. சரி, புது எல்இடியும் மாற்றிவிடலாம் என்று தேக்காவுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அக்கா பாவாடையைத் திருப்பி, கரைக்கு மேலே இருந்த இரண்டு டக்கில் ஒன்றை ஊசி முனையால் பிரிக்க ஆரம்பித்தார். வளர்கிற பிள்ளைக்குத் தைக்கிற பட்டுப்பாவாடையில் டக் வைக்காமல் யாரும் தைக்க மாட்டார்கள், பிளவுஸில் பக்கத்துக்கு இரண்டு மூணு தையல் விட்டு உள்ளே துணி பிடித்து வைப்பது மாதிரி. வருஷத்துக்கு ஒன்றைப் பிரித்துவிட்டால் உடுப்பும் கூடவே வளரும். எனக்கு அது சின்ன வயசிலிருந்து பார்த்த காட்சி, கண்ணில் பட்டதே இல்லை.

பாதி பிரித்ததும் நிறுத்தினார். இடுப்புப் பட்டியிலிருந்து கரைவரை இறங்கும் என் வெள்ளி நூல், டக்கின் மேலேயே நேராகத் தைத்துப் போயிருந்தது, விறைப்பாக, ஒரு மில்லிமீட்டர்கூட மிச்சமில்லாமல். டக்கைப் பிரித்தால் நூலை அறுக்க வேண்டும்.

"துணிக்கு நான் மூணு இஞ்சு உள்ள வச்சிருக்கேன். உன் நூலுக்கு நீ எவ்வளவு வச்சே?"

போர்டில் கம்பியை எவ்வளவு குறைவாக இழுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதை அவரிடம் சொல்லவில்லை. அக்கா நூலை அறுத்து, டக்கைப் பிரித்து, பழைய மடிப்புக் கோட்டை இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேய்த்தார். கோடு முழுசாகப் போகவில்லை, எப்போதும் போகாது. பிறகு புதுசாகத் தைக்கப்போகும் நூலை மிச்சமிருக்கிற டக்குக்குள் எப்படி வளைத்து வளைத்து மடித்து வைக்கலாம் என்று ஒரு பழைய ரசீதின் பின்பக்கம் வரைந்து காட்டினார். பாம்பு மாதிரி இருந்தது.

"இன்னும் எத்தனை மீட்டர் வேணும்?" என்று கேட்டேன்.

"பிள்ளை எவ்வளவு வளரும்?" என்றார்.